வீடு மாறுகிறோம், யாருக்கு முதலில் சொல்வது?

கேள்வி: ஐயா, கொட்டாஞ்சேனையில் 11 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார். அதனால் அடுத்த மாதம் தெஹிவளையில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போகிறோம், அதுவும் வாடகைதான். நான், கணவர், நாலு வயது மகள், ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமா என நான்கு பேர். விலாசத்தை எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று எழுதத் தொடங்கி ஒரு கொப்பிப் பக்கம் நிரம்பிவிட்டது. எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. கணவரின் அடையாள அட்டையில் இன்னும் பதுளை விலாசம், அவருடைய வாக்கும் அங்கேதான். புது வீட்டுக்காரர், இந்த விலாசத்தில் வாக்குப் பதிய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். என் நகைகள் வங்கியில் அடகில் இருக்கின்றன. கணவர் தன் நண்பரின் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நின்றிருக்கிறார். பொலிஸில் பதிய வேண்டுமா என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். போஸ்ட் ஒஃபிஸில் சொல்லி வைத்தால் மட்டும் போதாதா? அட்வான்ஸ் விஷயத்தில் பழைய வீட்டுக்காரரோடு கொஞ்சம் மனக்கசப்பு. அவருக்கும் புது விலாசத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொப்பிப் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றுங்கள். வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் லேசான வேலையில் தொடங்குவார்கள். டீவி கனெக்‌ஷன், இன்டர்நெட், ஒன்லைனில் சாமான் வாங்கும் டராஸ் விலாசம் எல்லாம் முதல் வாரத்திலேயே மாறிவிடும். கியூவில் நிற்க வேண்டியவை, கடிதம் எழுத வேண்டியவை எல்லாம் பிறகு பார்ப்போம் என்று போய்விடும். சாமான் ஏற்றி இறக்கிய களைப்பில் அந்தப் பிறகு வருவதே இல்லை.

சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் நான் சொல்லும் வரிசை வேறு. ஒரு கடிதம் உங்கள் கைக்கு வராமல் போனால் யாரால் உங்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமோ, அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். நீங்கள் இந்த இடத்தில் குடியிருக்கிறீர்கள் என்று எழுத்தில் உறுதிப்படுத்தக் கூடியவர்கள் இரண்டாவது. மற்றவர்களுக்கெல்லாம் ஆறுதலாகச் சொல்லலாம்.

ஓட்டோ லீசிங் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது அந்த வரிதான். பிணை நிற்பவர் கையெழுத்து வைத்த அன்றே அதை மறந்துவிடுகிறார். நண்பர் தவணை கட்டாமல் விட்டால் அவருக்கும், கூடவே பிணை நின்றவருக்கும் பதிவுத் தபாலில் அறிவித்தல் போகும். எந்த விலாசத்துக்கு? உடன்படிக்கையில் எழுதிய விலாசத்துக்கு. அந்த உடன்படிக்கையின் பிரதி கணவரிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கங்களில் எங்காவது, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் ஒரு பந்தி இருக்கும். மேலே தந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்படும் எந்த அறிவித்தலும் உரியவருக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும், விலாசம் மாறினால் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எனக்குக் கடிதமே வரவில்லை என்று பிறகு நீங்கள் எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும், நீங்கள் தந்த விலாசத்துக்குத்தானே அனுப்பினோம் என்று அவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள்.

வழக்கு என்று போனாலும் இதே நிலைமைதான். சிவில் வழக்கில் அழைப்பாணை வழக்கமாகப் பதிவுத் தபாலில் வரும். அது சரிவராவிட்டால், நீதிமன்றக் கட்டளைகளைக் கையளிக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் நேரில் கொண்டு வருவார். அதுவும் முடியாவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். எல்லாமே பழைய வீட்டில் நடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்கு வீடு மாறிய ஒருவரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. நண்பரின் வேனுக்குப் பிணை நின்றவர். கோப்பில் திரும்பி வந்த ஒரு பதிவுத் தபால் உறை இருந்தது. பழுப்பு நிற உறை, மூலையில் பதிவு இலக்கம், அவருடைய பெயருக்குக் குறுக்கே தபால்காரர் பேனையால் சிங்களத்தில் எழுதிய ஒரு வரி: இந்த விலாசத்தில் இல்லை, போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் பக்கத்தைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தால், தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போய், தகுந்த காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். அவர் கேட்டார், நீக்கவும் முடிந்தது. ஆனால் அதற்குச் செலவான காசும் தூக்கமும் ஒரு பக்கக் கடிதத்தால் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே சாமான் கட்டத் தொடங்கும் முன்பே உங்கள் கணவர் அந்த லீசிங் கொம்பனிக்கு எழுதட்டும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. உடன்படிக்கை இலக்கம், தன் பெயர், அடையாள அட்டை இலக்கம், பழைய விலாசம், புது விலாசம், எந்தத் திகதியிலிருந்து என்பது, தொலைபேசி இலக்கம். அப்புறம் ஒரு வரி: "இனி எனக்கான எல்லா அறிவித்தல்களையும் புதிய விலாசத்துக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எடுத்து நேரில் கொடுத்து, ஒன்றில் திகதியோடு ரிசீவ்ட் சீல் அடித்து வாங்க வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். ஃபோனில் சொல்லிவிட்டோம் என்பது ஒன்றுக்கும் உதவாது. இதே கடிதத்தைப் பெயர் மாற்றி மற்ற எல்லா இடங்களுக்கும் பாவிக்கலாம். கடிதம் கொடுக்கும் சாட்டோடு, தவணை ஒழுங்காகப் போகிறதா என்றும் அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

அடுத்தது நகை. அடகுச் சீட்டைக் கையில் எடுங்கள். உங்கள் பெயர், விலாசம், நகைகளின் விவரம், நிறை, தந்த தொகை, மீட்க வேண்டிய திகதி எல்லாம் அதில் இருக்கும். தவணை கடந்தால் ஏலத்துக்கு முன்னால் வங்கி அனுப்பும் கடிதம் அந்தச் சீட்டில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். வட்டி கட்ட ஒரு மாதம் பிந்துவது எந்த வீட்டிலும் நடக்கும். வீடு மாறிய வருடத்தில் கட்டாயம் நடக்கும், ஏனென்றால் அட்வான்ஸ், லொறிக் கூலி என்று கையில் காசு நிற்காது. அந்த நேரம் பார்த்து ஏலக் கடிதம் கொட்டாஞ்சேனையில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவிடுக்கில் செருகப்பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தாலிக்கொடியை இப்படி இழந்தவர்களோடு நான் கதைத்திருக்கிறேன், அந்த இழப்புக்கு நஷ்டஈடு என்று எதைக் கொடுப்பது? ஆகவே அடகு வைத்த கிளைக்கே நேரில் போய், ஒவ்வொரு சீட்டுக்கும் விலாசத்தை மாற்றச் சொல்லுங்கள். சேமிப்புக் கணக்கில் மாற்றிவிட்டோமே, எல்லாவற்றிலும் மாறியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல வங்கிகளில் அடகுப் பிரிவு, கிரெடிட் கார்ட் பிரிவு, கடன் பிரிவு என்று பதிவுகள் வேறு வேறாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் மாறும். கூட்டுக் கணக்கு என்றால் இருவருடைய கையெழுத்தும் கேட்பார்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆயுள் காப்புறுதி இருந்தால் அதுவும் இந்த முதல் வரிசையில்தான் வரும். தவணை விடுபட்டுக் காப்புறுதி காலாவதியாகப் போகிறது என்ற எச்சரிக்கையும் தபாலில் வருவதுதான்.

இனி இரண்டாவது வரிசை. வங்கிக்குப் போனதும் புது விலாசத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். 2006இன் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வந்த விதிகளால், வாடிக்கையாளரின் விலாசத்தை உறுதிப்படுத்த வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. அடையாள அட்டையில் வேறு விலாசம் இருப்பவர்களிடம் கட்டாயம் கேட்பார்கள். வழக்கமாகக் கேட்பது அண்மைய லைட் பில் அல்லது தண்ணி பில். வாடகைக்கு இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பில்லில் வீட்டுக்காரர் பெயர்தானே இருக்கும்.

அதனால் வாடகை உடன்படிக்கையை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. கொழும்பில் பலர் கடையில் விற்கும் படிவத்தில் இரண்டு சாட்சிகளை வைத்து முடித்துவிடுகிறார்கள். அட்வான்ஸை மீட்கப் போகும்போதும் இடர்ப்பாடு, விலாச அத்தாட்சியாகக் காட்டும்போதும் இடர்ப்பாடு. உடன்படிக்கையில் விலாசத்தைச் சரியாக எழுதுவிக்கவும் வேண்டும்: மாடி, வீட்டு இலக்கம், கட்டடத்தின் மதிப்பீட்டு இலக்கம், ஒழுங்கை, தெஹிவளை, தபால் குறியீடு 10350. லைட் பில்லில் எப்படி எழுதியிருக்கிறதோ அதே எழுத்தில், அதே வரிசையில் எழுதுங்கள், எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ஒரு இடத்தில் 2/1 என்றும் இன்னொரு இடத்தில் இரண்டாம் மாடி என்றும் இருந்தால், இரண்டும் ஒரே வீடுதான் என்று கவுண்டரில் நின்று விளங்கப்படுத்த வேண்டி வரும்.

இன்டர்நெட் இணைப்பை வீட்டுக்காரர் பெயரில் தொடராமல் உங்கள் பெயரில் எடுங்கள். மாதா மாதம் உங்கள் பெயரும் புது விலாசமும் சேர்ந்த ஒரு பில் வரும். வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்று புது விலாசத்துக்கு வரத் தொடங்கினால் அதுவும் இன்னொரு அத்தாட்சி.

உடன்படிக்கை கைக்கு வந்ததும் தெஹிவளையில் உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்துக்கு உரியது, நீங்கள் போவது தெஹிவளைப் பிரதேச செயலகத்தின் எல்லைக்குள். ஒரே மாவட்டம்தானே என்று பேசாமல் இருந்தால் இரண்டு செயலகங்களிலும் நீங்கள் இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். கொட்டாஞ்சேனை கிராம உத்தியோகத்தரிடமும் விலகுவதாகச் சொல்லி, முடிந்தால் ஒரு கடிதம் வாங்குங்கள். 11 வருடம் அங்கே இருந்தீர்கள் என்பதை அறிந்தவர் அவர். அவர் இடம் மாறிப் போவதற்கு முன்னால் அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும். புதியவரிடம் உடன்படிக்கைப் பிரதி, நான்கு பேரின் அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், பழைய இடத்துக் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களை முதலில் ஃபோனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சிங்களத்தில்தான் படிவம் இருக்கிறது என்று சொன்னால் தயங்காமல் தமிழ்ப் படிவம் கேளுங்கள். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. சண்டை போடத் தேவையில்லை, அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் வாக்குப் பதிய வேண்டாம் என்று சொன்ன விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், கொழும்பில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர் இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் எந்த இடாப்பிலும் இல்லாமல் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரரின் பயம் வெறும் பிடிவாதத்தால் வந்ததில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பலமான பாதுகாப்புக் கொடுத்தது. சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக எழும்பாமல் இருந்தவர்களின் கதைகள் கொழும்பில் ஏராளம். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறினால் வீடு போய்விடும் என்ற பேச்சு அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது வாடகைச் சட்டமே தவிர வாக்காளர் இடாப்பு இல்லை. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க, தேருநர்களைப் பதிவு செய்யும் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: இவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்? வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. இடாப்பில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வீட்டின் மீது யாருக்கும் உரித்து வருவதில்லை.

இதை வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லிப் புரிய வைக்க முயலாதீர்கள். உடன்படிக்கையில் ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லுங்கள், நான் எழுதும் உடன்படிக்கைகளில் சேர்ப்பதுதான்: வாடகைக்கு எடுப்பவர் குடியிருப்பாளர் என்ற முறையில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வார், அதை வைத்து வீட்டின் மீது எந்த உரிமையும் கோரமாட்டார், வீட்டைவிட்டுப் போகும்போது புது இடத்தில் பதிந்துகொள்வார். எழுத்தில் பார்த்ததும் பல வீட்டுக்காரர்கள் சமாதானமாகிவிடுகிறார்கள். அவருடைய பயத்தை மதித்தோம் என்பதும் அதில் தெரிகிறது. ஒப்புக்கொள்ளவே இல்லை என்றாலும் உங்கள் உரிமை அவருடைய சம்மதத்தில் தங்கியிருக்கவில்லை. இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் மூலமும் விண்ணப்பிக்கலாம், தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். வரைவுப் பட்டியலைக் காட்சிக்கு வைக்கும்போது பெயர் இல்லையென்றால் உரிமைக் கோரிக்கை கொடுக்கவும் வழி உண்டு.

உங்கள் கணவரின் வாக்கு பதுளையில் இருப்பதையும் இப்போதே சரிசெய்ய வேண்டும். தேர்தலுக்கு ஊருக்குப் போய், அம்மா அப்பாவைப் பார்த்து, வாக்குப் போட்டுவிட்டு வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் 11 வருடமாகக் குடியிருப்பது கொழும்பில். உங்கள் மகளுக்கு நாலு வயது. அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கான இடங்களில் பாதி, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு. அந்தப் பிரிவில் பெற்றோரின் பெயர் முந்திய 5 ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புகளில் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். வீடு மாறுவதால் உங்களுடைய கொட்டாஞ்சேனைப் பதிவு தெஹிவளைப் பாடசாலைக்குப் பெரிதாக உதவாது. கணவரின் பதுளைப் பதிவு சுத்தமாக உதவாது. போன வருடங்களை இனிக் கொண்டு வர முடியாது, இந்த வருடத் திருத்தத்திலாவது இருவர் பெயரும் ஒரே விலாசத்தில் வரட்டும். அவர் படிவத்தில் பதுளைப் பதிவின் விவரத்தை மறைக்காமல் எழுத வேண்டும், இரண்டு இடத்தில் பதிவு இருக்கக் கூடாது. கொட்டாஞ்சேனையில் உங்கள் பெயர் இருந்த ஆண்டுகளுக்கு இடாப்புப் பிரதிகளை எடுத்து வையுங்கள். அப்புறம், கல்வி அமைச்சு ஒவ்வொரு ஆண்டும் முதலாம் தர அனுமதிக்குச் சுற்றறிக்கை வெளியிடும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு, உங்கள் மகளின் ஆண்டுக்கான சுற்றறிக்கையை நீங்களே தமிழில் வாசியுங்கள். வேறு பிரிவுகளில், உதாரணமாக நீங்கள் படித்த பாடசாலையின் பழைய மாணவி என்ற வகையில், உங்களுக்கு வாய்ப்பு இருக்கக்கூடும்.

அடையாள அட்டைக்கு இப்போதே ஓட வேண்டாம். வாக்காளர் பதிவும் கிராம உத்தியோகத்தரின் பதிவும் புது இடத்தில் உறுதியான பிறகு போனால், கேட்கும் அத்தாட்சியெல்லாம் கையில் இருக்கும். விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து பத்தரமுல்லையில் உள்ள ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வீடு மாறும் குடும்பம் ஒவ்வொரு முறையும் அட்டையை மாற்றிக்கொண்டிருப்பது நடைமுறையில் கஷ்டம்தான். ஆனால் உங்கள் கணவரின் அட்டை அவர் பல வருடங்களுக்கு முன்னால் விட்டு வந்த ஊரைக் காட்டுகிறது. வங்கியிலிருந்து பாடசாலை வரை எல்லா இடத்திலும் அது கேள்வியைக் கிளப்பும். இந்த முறை மாற்றிவிடுவதே நல்லது.

மாமாவின் ஓய்வூதியத்தை மறந்துவிட வேண்டாம். காசு வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருப்பதால் எதுவும் செய்யத் தேவையில்லை என்று தோன்றும். அவருடைய கோப்பு இருப்பது கொழும்பு பிரதேச செயலகத்தில். அதைத் தெஹிவளைக்கு மாற்றும்படி அவரே கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் உயிர்வாழ் சான்றிதழுக்கு அந்த வயதில் அவரை பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டி வரும், அவரை அறியாத தெஹிவளை கிராம உத்தியோகத்தர் கையெழுத்து வைக்கத் தயங்கவும் கூடும். வீடு மாறிய முதல் வாரத்திலேயே மாமாவையும் கூட்டிப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

பொலிஸ் பதிவு பற்றி அவர் கேட்பதைச் சும்மா கேட்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்பில் நடமாடிய தலைமுறை அது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பியதும், உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்ததும் அவருக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கும். இப்போதைய நிலைமை இதுதான்: வீடு மாறியதற்காக நீங்களாக ஸ்டேஷனுக்குப் போகத் தேவையில்லை. பொலிஸார் படிவம் கொடுத்து விவரம் கேட்டால், வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கேட்கும் அதிகாரம் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்டதை நிரப்பி, கொடுக்கும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து, யார் எப்போது வாங்கிக்கொண்டு போனார் என்று குறித்து வையுங்கள். மாமாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அவர் மனம் ஆறட்டும்.

மற்றவை சுருக்கமாக. மோட்டார் சைக்கிள் இருந்தால் அதன் பதிவு விலாசத்தை நாரஹேன்பிட்டியில் மாற்ற வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரம் வேரஹெரவில். வீதிக் கமெராவில் பதிவாகும் குற்றங்களுக்கு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடி வருவார்கள் என்பதால் முதலாவதைப் பிந்த விடாதீர்கள். வருமான வரி இலக்கம் எடுத்தவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் விலாசத்தைத் திருத்த வேண்டும். கணவரின் வேலைத்தளத்தில் கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதிப் பதிவையும் அவர்கள் மூலமே சரிசெய்யலாம், அந்தச் சாட்டில் நியமனதாரர் பெயர் சரியா என்றும் பார்த்துவிடுங்கள். சாவி வாங்கும் நாளிலும் கொடுக்கும் நாளிலும் மின் மானி, தண்ணி மானி இரண்டையும் இலக்கம் தெரிய ஃபோனில் படம் எடுங்கள், பழைய வீட்டின் கடைசி பில்களைக் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். சோலைவரி வீட்டுக்காரரின் பொறுப்பு, நீங்கள் கவலைப்பட வேண்டாம். டராஸில் பழைய விலாசத்தை அழித்தே விடுங்கள், சும்மா இருந்தால் பார்சல் அங்கே போய் நிற்கும்.

போஸ்ட் ஒஃபிஸில் சொல்லி வைத்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லி வையுங்கள், கொட்டாஞ்சேனைத் தபால் நிலையத்தில் நான்கு பேரின் பெயரையும் எழுதி, புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். 11 வருடம் கடிதம் கொண்டு வந்த தபால்காரரிடமும் நேரில் சொல்லுங்கள். ஆனால் அவர் லீவு போட்ட அன்று புதியவர் வருவார், கடிதத்தை வழக்கம்போல பழைய வீட்டிலேயே போடுவார். கொஞ்ச மாதத்துக்கு ஒரு உதவி என்ற அளவில் இதை நம்பலாம். அங்கிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு கடிதமும், நீங்கள் இன்னும் சொல்லாமல் விட்ட ஒரு இடத்தைக் காட்டுகிறது. உறையைப் பார்த்து அன்றே கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய வீட்டுக்காரர். மனக்கசப்பு இருந்தாலும் அவருக்கு எழுத்தில் புது விலாசத்தைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், அட்வான்ஸைத் திருப்பித் தர ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்ததாகிவிடும். சாவி கொடுத்த திகதி, கட்டி முடித்த பில்கள், திரும்ப வர வேண்டிய தொகை, எத்தனை நாளுக்குள் எதிர்பார்க்கிறீர்கள் என்பது எல்லாவற்றையும் அதே கடிதத்தில் மரியாதையாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டை விற்கப் போகிறவர் என்பதால், விற்று முடிந்து அவரும் விலாசம் மாறிப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சொன்ன நாளுக்குள் பதில் வராவிட்டால் உடன்படிக்கைப் பிரதியோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.